ஏரிமேல் நட்ட கிளைகள்

காபி நன்றாக இருக்கிறது, அய்யா. ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டீர்கள். இந்தக் காலத்தில் எல்லோருக்கும் இதே வியாதிதான். அடுத்தவன் சொல்வதை முழுதாகக் கேட்க ஒருவருக்கும் பொறுமையில்லை.

என் தங்கை ஹில்க்காவின் கணவன் ரைனோவுக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவனே அதை முடித்து, அவனே மறுத்து, அவனே சிரித்தும் விடுவான். ஏரிக்கு நடுவே தீவில் அவர்கள் வீடு. ஏரி உறைந்ததும் என் கரையிலிருந்து அந்தத் தீவுவரை ஊசியிலைக் கிளைகளை நட்டு, வண்டி போகும் வழியைக் காட்டுவது என் பொறுப்பு. ஒரு கிளையைக்கூட நான் யோசிக்காமல் நட்டதில்லை. என்னை எவ்வளவு கேலி செய்தாலும், ரைனோ அந்தக் கிளைகளை நம்பித்தான் வண்டியை விடுவான்.

மார்ச் மாதம் பாதையின் நடுவே அடிநீரோட்டம் பனிக்கட்டியை அரித்திருந்தது. துளையிட்டுப் பார்த்தேன். இன்னும் இரண்டொரு நாளில் வண்டியைத் தாங்காது. கிளைகளைப் பிடுங்கி மேற்கே தள்ளி நட வேண்டும். அன்று மாலை சவுனா என்ற நீராவிக் குளியலறையின் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

“ரைனோ, அந்த நடுப்பாதையில...”

“ஆரம்பிச்சிட்டாருய்யா நம்ம மச்சான். நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஏரியே உருகிடும்,” என்றான். பக்கத்து வீட்டு எஸ்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நான் கோபப்படவில்லை. கோபத்தில் காரியம் செய்கிறவன் முட்டாள். வீட்டுக்குப் போய் ஆற அமர யோசித்தேன். மறுநாளும் யோசித்தேன். கிளைகளை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தப் பாதையில் போவது அவன் ஒருவன்தான்.

சனிக்கிழமை காலை எதிரே எதுவும் தெரியாத மூடுபனி. நான் கரையில் நின்றிருந்தேன். முதலில் அவனுடைய பனிச்சறுக்கு மோட்டார் வண்டியின் சத்தம் கேட்டது. பிறகு பனிக்கட்டி உடைந்தது. படகுக் கொட்டகையில் ஏணியும் நீளக் கயிறும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன.

“மச்சான்... ஹில்க்கா... மச்சான், ஹில்க்கா...”

சாகும்போதும் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறானே, இவனெல்லாம் ஒரு ஆண்பிள்ளையா என்று நினைத்துக்கொண்டேன். குறுக்கே பேசவில்லை. குரல் அடங்கும்வரை நின்று கேட்டேன். அவனை அவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மதியம் உங்கள் போலீஸ் ஆட்கள் தண்ணீரிலிருந்து முதலில் தூக்கியது என் தங்கையை. வண்டியில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அவளை விட்டால் எனக்கு யாருமில்லை, அய்யா. அதன் பிறகு நான் தூங்கவில்லை.

ரைனோவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஹில்க்காவைக் கொன்றது அவனுடைய அவசரப் புத்தி. அவளும் கூட இருக்கிறாள் என்று நிதானமாகச் சொல்லியிருந்தால், நான் கேட்டிருக்க மாட்டேனா?