தொட்டிமேல் இரண்டு கோடு

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, மூத்த மருமகள். இளைய மகன் வாடகைக் கார் ஓட்டப் போயிருந்தான். எதிர்மாடியில் தையல்காரர் மிஷினில் உட்கார்ந்திருந்தார். அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். பார்த்ததைப் புரிந்துகொள்ளத்தான் வராது.

நான் தொலைபேசி இலாகாவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். புகார் வந்த அன்றைக்கே இணைப்பைச் சரிசெய்கிறவன் என்று எனக்குப் பெயர்.

மூத்த மகன் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. மருமகளுக்கு எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. அவளே சொல்லியிருக்கிறாள். ஆனாலும் வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் வேலைக்கு எழுதிப் போட்டாள். அங்கேயே விடுதியில் தங்கிக்கொள்வாளாம். மகன் போனதும் மருமகளைச் சம்பாதிக்க அனுப்பிவிட்டான் என்று நாலு பேர் வாயில் விழ நான் தயாராக இல்லை.

அவளுடைய போன் வாளித் தண்ணீரில் விழுந்தது. நான்தான் போட்டேன். பதிலுக்கு என் மகனுடைய பழைய போனைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொடுப்பதற்கு முன் பின்மூடியைத் திறந்து, ஆன்டெனா ஒயரின் முனையை மட்டும் கழற்றி வைத்திருந்தேன்.

சிக்னல் வரவில்லை. போனை அணைத்துத் திரும்பப் போட்டாள். உறையைக் கழற்றினாள். சிம்மைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். இளையவன் அந்தச் சிம்மைத் தன் போனில் போட்டுப் பார்த்தான். முழுதாக வந்தது.

"சிம்மு நல்லாத்தான் இருக்கு அண்ணி. போன்தான் அண்ணன் மாதிரி. நாம கத்தினாலும் காதுல விழாது."

அவள் சிரித்தாள். பதினான்கு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

"கடையில குடுத்துப் பாக்கலாமா மாமா?"

"கடைக்காரன் உள்ள இருக்கற நல்லதையும் உருவிடுவான். நான் எதுக்கு இருக்கேன்?"

அன்று மாலையே திறந்து பார்த்தேன். ஒயர் கழன்றபடியே இருந்தது. மூடிக் கொடுத்தேன்.

மருத்துவமனையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுக் கிடைக்காமல் போனது. அவள் இளையவன் போனில் பேசிக் கெஞ்சினாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கடைசியாக ஒரு தடவை கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அன்றைக்கு மட்டும் போனைத் தரச்சொல்லி இளையவனிடம் கேட்டாள். போன் இல்லாமல் சவாரி வராது என்றான். வீட்டில் வேறு போன் கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்கட்டுமா என்றாள். நம் வீட்டுக் குறையை அடுத்தவன் வாசலில் போய்ச் சொல்வதா என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல பெண்தான்.

புதன்கிழமை காலை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் சிக்னல் வருவதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். மூச்சிரைக்க ஓடிவந்து முதலில் என்னிடம்தான் சொன்னாள்.

"மாமா, ரெண்டு கோடு வருது."

தொட்டிச் சுவரோடு முடுக்கிய இரும்பு ஏணி. மேலே இரண்டு போல்ட், கீழே இரண்டு. ஏணிக்குப் பின்னால் முழங்கால் உயரக் கைப்பிடிச்சுவர். அதற்குப் பின்னால் மூன்று மாடி ஆழத்தில் தெரு. அன்று மத்தியானம் மேல் போல்ட்டுகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை பத்தே முக்கால். தலையை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். குரல் மட்டும் கேட்கும் அழைப்புக்கு அது எதற்கென்று என் மனைவி கேலி செய்தாள்.

"போய்ட்டு வரேன் மாமா."

"நிதானமா ஏறும்மா," என்றேன்.

சத்தம் கேட்டு என் மனைவி கீழே ஓடினாள். நான் மேலே போனேன். கைப்பிடிச்சுவர்மேல் சாய்ந்து கிடந்த ஏணியை நிமிர்த்தி, இரண்டு போல்ட்டையும் முடுக்கினேன். ஆடுகிற ஏணியை வைத்திருக்கும் வீடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. நான் செய்த தவறு அது ஒன்றுதான். ஏணி அசையாமல் நின்றதைப் பார்த்துத்தான் உங்கள் ஆட்கள் தற்கொலை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மொட்டைமாடியிலேயே விழுந்துகிடந்து, அவர்கள் திருப்பிக் கொடுத்த போன் உடையவில்லை. நல்ல பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. ஒயரை மாட்டினேன். எல்லாக் கோடும் வந்தன. சற்று நேரத்தில் மணி அடித்தது. மருத்துவமனைப் பெண். இடத்தை அவளுக்காகவே விட்டு வைத்திருக்கிறார்களாம். அவளுக்கு வர விருப்பமில்லை, வீட்டில் எல்லாம் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லி வைத்தேன்.

இப்போது அந்தத் தையல்காரர் துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "ரெண்டு கையையும் விரிச்சுக் குதிச்சுது பாவம். அந்த வீட்டுக்குள்ள என்ன கொடுமையோ."

இன்ஸ்பெக்டர் ஐயா, அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்திருக்கிறேன். கோப்பில் அந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள். அவள் குதிக்கவில்லை. நான்தான் கொன்றேன். எங்கள் வீட்டில் அவளுக்கு எந்தக் கொடுமையும் நடக்கவில்லை.