ஏணியைப் பிடித்த கை

நாற்காலியைத் தாங்கும், மன்னிக்கவும், நாற்காலியால் தாங்கப்படும் மாண்புமிகு தலைவர் அவர்களே! இரண்டு மாதக் கோடைப் பயிற்சிக்கு இரண்டே முறை வந்து, இரண்டு முறையும் புகைப்படத்தில் மட்டும் தவறாமல் நின்ற செயலாளர் அவர்களே! வேலைக் களைப்போடு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உட்காரச் சொன்னால் மட்டும் உட்காராத என் முப்பத்திரண்டு வால்களே! உங்கள் பிசின் அக்காவின் அன்பு வணக்கம்.

கையில் எப்போதும் பசை ஒட்டியிருந்ததால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் அது. அழைப்பிதழில் 'தன்னார்வலர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பிசினே மேல். என்னை நன்றியுரை ஆற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றுகிறேன். யாருக்கு நன்றி என்பதில்தான் சிக்கல்.

எனக்குப் பின்னால் ஒரு திரை தொங்குகிறது. திரைக்குப் பின்னால் ஒரு சுவர். 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்து, அந்தச் சுவரில் வரையுங்கள் என்றது நமது நிர்வாகக் குழு. மூன்று வாரம் வரைந்தார்கள் பிள்ளைகள். எதை வரைந்தார்கள்? மலையையா? மயிலையா? மணக்கும் மலர்த் தோட்டத்தையா? பார்க்காததை எப்படி ஐயா வரைவார்கள்? நிற்காமல் போகும் பேருந்தை வரைந்தார்கள். அதன் பின்னால் ஓடுகிற நம்மை வரைந்தார்கள். இந்தக் கூடத்தின் வாசலை மறித்து நிற்கும் ஒரு காரை வரைந்தார்கள். சிரிக்காதீர்கள்! வண்டி எண்ணைக்கூடச் சரியாகத்தான் எழுதியிருந்தான் ஒரு பொடியன்.

ஒரு மூலையில் வாயாடி தன் அம்மாவை வரைந்தாள். முதல் பத்து நாள் வாயே திறக்காததால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர். படத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். கழற்றி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது.

வந்தார் செயலாளர். பார்த்தார். "என்னம்மா இது, குப்பை மாதிரி? சிறப்பு விருந்தினர் பாத்தா நம்ம ஊரப் பத்தி என்ன நினைப்பாரு? வெள்ளை அடிச்சுடுங்க" என்றார். பிறகு பெயர்ப்பலகை எழுதும் ஓவியரை அழைத்து, "குழந்தைங்க வரைஞ்ச மாதிரியே அழகா வரைஞ்சு குடுங்க" என்றார். குழந்தைகள் வரைந்ததை அழித்துவிட்டு, குழந்தைகள் வரைந்தது போலவே வரைய ஆள் பிடித்தார்கள்! இந்த அறிவை எந்தச் சந்தையில் வாங்கினீர்கள்? மீதம் இருக்கிறதா?

கைதட்டாதீர்கள். கதை இன்னும் என்னிடம் வரவில்லை. வெள்ளை அடித்தபோது ஏணியைப் பிடித்தது யார் தெரியுமா? நான்தான்! குழுவின் சான்றிதழ் இருந்தால் பள்ளியில் வேலை கிடைக்கும் என்ற ஆசை. எள் என்றதும் எண்ணெயாய் நின்றேன். சுவரில் அம்மாவின் செருப்பு மறையும்போது வாயாடி கீழே நின்று கேட்டாள்: "அக்கா, எங்கம்மா இன்னும் பாக்கவே இல்லையே?"

நான் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அதுதான் என் பதில். அன்று மூடிய வாயை அந்தப் பிள்ளை என்னிடம் திறக்கவில்லை. செயலாளரைத் திட்ட எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அதைவிட அதிகமாக என்னைத் திட்ட அவளுக்கு இருக்கிறது.

என்ன இது, சீட்டு? 'சீக்கிரம் முடிக்கவும்.' மூன்று வார உழைப்பை முப்பது நிமிடத்தில் முடித்தவர்கள் நீங்கள். அந்த வேகம் எனக்கு வராது, தலைவர் அவர்களே.

இன்று காலை ஓவியர் தூரிகைப் பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "முப்பது வருஷமா எனக்கு நேர்கோடுதாம்மா வருது. அந்தப் பிள்ளைங்க கோணலுக்கு நான் எங்க போறது? அழிச்ச இடத்துல கை வைக்க மனசும் வரல" என்றார். ஏன் திரும்பித் திரும்பித் திரையைப் பார்க்கிறீர்கள், செயலாளரே? ஆம். சிறப்பு விருந்தினர் இன்று திறந்து வைக்கப்போவது, நீங்கள் ஆசைப்பட்ட சுத்தமான, சுகமான, சொல்ல ஒன்றுமில்லாத வெள்ளைச் சுவரை!

ஆனால் வாசலோரம் வேலை உடுப்போடு ஒருவர் நிற்கிறார். மகள் வரைந்ததைப் பார்க்க, பாதி வேலையில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா, முன்னால் வாருங்கள். இந்தா வாயாடி, பெட்டி. நீ மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் சுவர் உன்னுடையது. என் சான்றிதழ் இதோ மேசையில் இருக்கிறது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். எனக்குக் கை காலியாக இருக்க வேண்டும். ஏணியைப் பிடிக்க வேண்டும்.

என்ன வாயாடி? சத்தமாச் சொல்லு. கேட்டீர்களா, பெரியோர்களே? "இந்தத் தடவ அம்மா முழிச்சிருக்கற மாதிரி வரையட்டா?" என்கிறாள்.

இருந்து கேட்ட அனைவருக்கும் நன்றி. எழுந்து போனவர்களுக்கும் நன்றி, வாசலில் கார் நகர்ந்தது. வணக்கம். ஏறும்மா, நான் பிடிச்சிருக்கேன்!