மாமனாரின் கால் சைன்

சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டைக் கீழே வைத்துவிடுவது நல்லது. பிறகு குடலைப் புரட்டுகிறது என்று கதை சொன்னவனைத் திட்டக் கூடாது.

மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் போகிற ரோடு... கடைசி விளக்குக் கம்பமும் முடிந்த பிறகு ஒரே ஒரு வீடு. மாடியில் ஏரியல் கம்பி. நம் சிநேகிதர் ஒருவரின் தங்கை வீடு அது. நடந்தது தங்கை புருஷனுக்கு.

அவர் தொழில் பல்செட் செய்வது. ஊரார் வாயையெல்லாம் அளவெடுத்து அளவெடுத்து, எச்சில் என்றாலே ஆகாது. கை கழுவிவிட்டு, குழாயைத் தொட்டுவிட்டோமே என்று மறுபடி கழுவுகிற ரகம்.

அப்பேர்ப்பட்டவருக்குப் போயும் போயும் ஆசை வந்தது, அதற்குச் சில மாதம் முன்பு இறந்த மாமனாரின் ஹாம் ரேடியோ மேல். வீட்டிலிருந்தபடியே முகம் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. பரீட்சை எழுதிப் பாஸும் செய்துவிட்டார். பாடம் தலைகீழாகத் தெரியும். 'சி க்யூ' என்றால், காதில் விழுகிற யாராயிருந்தாலும் பதில் சொல்லுங்கள். 'க்யூ டி எச்' என்றால், எங்கே இருக்கிறீர்கள். விடைபெற 'எழுபத்து மூன்று'. இரண்டு பேரும் சொன்னால்தான் பேச்சு முடிந்தது என்பது மரியாதை. செத்துப்போனவர் 'சைலன்ட் கீ'. காற்றில் ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணுமாகக் கொடுத்த பெயர்தான் கால் சைன். அதை இன்னொருவர் எடுத்துக் கூப்பிடக் கூடாது.

லைசென்ஸ்தான் வந்தபாடில்லை. பொறுமையும் இல்லை.

"அப்பா கால் சைன்லயா கூப்பிடப் போறீங்க?"

"ஒரே ஒரு ராத்திரிதானே? உங்கப்பா வந்தா சண்டை போடப் போறார்?"

"பல்செட் லூசா இருக்குன்னு ஆறு மாசம் கெஞ்சினாரு. பேசும்போதெல்லாம் டக்கு டக்குன்னு... அதை வாயில வெச்சுக்கிட்டே மண்ணுக்குள்ள போய்ச் சேர்ந்தாரு. சரிபண்ணிக் குடுத்தீங்களா?"

"உங்கப்பா வாயில இருந்து எடுத்ததைத் தொடணும்னாலே எனக்குக் குமட்டும்டி."

அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு படுக்கப் போனாள்.

மைக்கின் பஞ்சு மஞ்சள் பாரித்துக் கிடந்தது. இருபது வருஷத்து எச்சில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மூன்று தடவை ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தார். நாற்றம் அசையவில்லை. ஹெட்போனை மாட்டினால், அதன் தோல் உரிந்து, செதில் செதிலாகக் காதில் ஒட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"சி க்யூ... சி க்யூ..." கூடவே மாமனாரின் கால் சைன்.

இரைச்சல். வெறும் இரைச்சல்.

அப்புறம்... ப்ச். ஒட்டிக்கிடந்த உதடு பிரிகிற மாதிரி. கொழகொழவென்று ஒரு குரல், அதே கால் சைனைத் திருப்பிச் சொன்னது. எழுத்துக்கு எழுத்து நடுவில், டக்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். ஆனாலும் பாடம் பாடம்தானே. எதிராளியின் குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்று எண் சொல்ல வேண்டும். "மூணு, மூணு. க்யூ டி எச்?"

நாக்கு ஈறைத் துழாவுகிற சத்தம் மட்டும். மீட்டரில் முள் ஏறியது.

"அஞ்சு, அஞ்சு. எங்க இருக்கீங்க?"

டக்.

முள் கடைசிக் கோட்டில் போய் இடித்தது. தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது. அதற்கு மேல் எண்ணே கிடையாது. பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசினால் வருகிற எண்.

இப்போது வாடை. பல்செட் ஊறிய தண்ணீரை நாலு நாள் கொட்டாமல் வைத்திருந்தால் வருமே, அந்த வாடை. கூடவே ஈர மண். மைக்கிலிருந்து வரவில்லை... அவர் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

"எழுபத்து மூணு, மாமா! எழுபத்து மூணு! போயிட்டு வாங்க!"

பழக்க தோஷம், 'வாங்க' என்றும் சொல்லித் தொலைத்தார்.

"மாப்ளே..." டக். "இன்னும் லூசாத்தான் இருக்கு."

ஹெட்போனுக்குள்ளிருந்து வெதுவெதுவென்று ஏதோ காதுக்குள் வழிந்தது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தார்.

விடிந்ததும் தங்கை வந்து பார்த்தபோது, புருஷன் குழாயடியில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ. மேஜையில் மைக்கின் பஞ்சு சொதசொதவென்று நனைந்து கிடந்தது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல," என்றார்.

டக்.

தங்கைக்கு அந்தச் சத்தம் தெரியாதா? வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். மேலும் கீழும் எல்லாம் அவருடைய சொந்தப் பல், ஒன்றுகூட ஆடவில்லை. இன்றைக்கும் அப்படித்தான். இன்றைக்கும் வார்த்தைக்கு வார்த்தை டக். மாமனார்தான் பதிலுக்கு இன்னும் எழுபத்து மூன்று சொல்லவில்லையே.

அன்றைக்கு டார்ச்சை அணைக்கும் முன்னால் அவள் இன்னொன்றும் பார்த்தாள். மேலண்ணத்தில், பல்செட் போய் ஒட்டுகிற இடத்தில், விரலால் அப்பிவிட்ட மாதிரி... ஈர மண்.