டோனட் இல்லாத ஐந்து டாலர்

நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத்தலைவர் எல்வுட் டிபெட்ஸ் அவர்களே! விடிந்ததிலிருந்து பீன்ஸ் பானையோடு போராடி இந்தக் கூடத்தையே மணக்க வைத்திருக்கும் தாய்மார்களே! பனியென்றும் புயலென்றும் பாராமல் படகு விட்ட பெரியோர்களே! சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பி தோண்டி, முதுகு வளைந்தாலும் முகம் சுளிக்காத என் தோழர்களே, தோழிகளே! எனக்கு எதிராகக் கத்துவதற்கென்றே முதல் வரிசையில் இடம்பிடித்திருக்கும் ஓரின் க்ரௌலி அண்ணன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஆர்டெல் பீலின் வணக்கம்.

தேர்தலில் நிற்பவர் பொதுப்பணத்தை ஏற்கலாமா, கூடாதா? ஏற்கலாம் என்று சொல்லத்தான் மேடையேறினேன். பார்த்தீர்களா, வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "எங்க வரிப்பணத்துல உனக்கு போஸ்டர் அடிக்கணுமா?" என்கிறார். பொறுங்கள் அண்ணே, உங்களிடம்தான் வருகிறேன்.

நான் ஏன் சட்டசபைக்கு நிற்கிறேன்? மட்டிக்கரைக்கு இறங்கும் பாதை அடைபடக் கூடாது என்பதற்காக! தொகுதி மக்கள் ஆளுக்கு ஐந்து டாலரைத் தேர்தல் நிதியில் போட்டு, இவள் நிற்கட்டும் என்று கையெழுத்திட வேண்டும். போதுமான பேர் சேர்ந்தால் என் பிரச்சாரச் செலவை மாநிலம் ஏற்கும். அதன் பிறகு தனியார் காசு எதையும் நான் தொடக் கூடாது. வீடு வீடாக வந்தேன். நீங்கள் வாரி வழங்கினீர்கள். நான் சும்மா இருந்தேனா? ஆளுக்கொரு டோனட் சுட்டுக் கொடுத்தேன்! விறகு தந்தவருக்கு மீனும், மீன் தந்தவருக்கு ஊறுகாயும் போய்ச்சேரும் கரையல்லவா இது? வாங்கிவிட்டு வெறுங்கையோடு நிற்க நமக்கு வருமா?

இன்று காலை எல்லாவற்றையும் தேர்தல் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே அதிகாரி கோலெட் பெல்ட்டியே அம்மையார் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இத்தனை பேரை எப்படிங்க பிடிச்சீங்க?"

"அதென்ன பிரமாதம்? காசைக் கொடுத்தவங்க கையில சுடச்சுட ஒரு டோனட் வச்சேன்ல!"

அம்மையாரின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயய்யோ ஆர்டெல், பதிலுக்கு ஒரு பொருளும் கொடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கே! இதுல ஒண்ணுகூட செல்லாது. அவங்கவங்க காசை அவங்கவங்ககிட்டயே கொடுத்துட்டு, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள புதுசா வாங்கிட்டு வாங்க."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! நான் அங்கே அழுதேன். எல்வுட், இன்றைய பீன்ஸ் விருந்து என் செலவு அல்ல என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பினால், எனக்கு முன்பே சேதி வந்து சேர்ந்திருந்தது. வாசலில் லாத்ராப் நின்றார். கோடையில் மட்டும் வந்து தங்கும், அந்த மட்டிக்கரைப் பாதையோரத்துப் பெரிய வீட்டுக்காரர். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார்.

"எதுக்குங்க அஞ்சு அஞ்சா அலையறீங்க? நான் ஒரு செக் தரேன். என் சிநேகிதங்களும் ஆளுக்கொண்ணு தருவாங்க."

"பதிலுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணுமே வேணாம். எப்பவாவது நான் போன் பண்ணா எடுங்க, அது போதும்."

எடுத்தால் போதுமாம்! தாய்மார்களே, என்னை உங்களுக்குத் தெரியும். ஐந்து டாலருக்கே டோனட் சுடாமல் இருக்கத் தெரியாதவள் நான்! அந்தச் செக்குக் கட்டுக்கு எதைச் சுடுவேன்? எதைத் தூக்கிக் கொடுப்பேன்? ஒருநாள் போன் வரும். "அந்தப் பாதையை அடைக்கற விஷயம்..." என்று மெதுவாக இழுப்பார். வாங்கிய கை சும்மா இருக்குமா? வாங்கிய வாய் மறுத்துப் பேசுமா? என் மனசு கெட்டதல்ல ஐயா, நம் ஊர் வழக்கம் அப்படி! அதற்குப் பயந்துதான் அவர் செக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என்ன அண்ணே? "காசு இருக்கறவன் நிக்கட்டும்" என்கிறீர்களா? அதைத்தானே இத்தனை காலமும் செய்தோம்! சேற்றில் கால் வைக்காதவர்கள் சேற்றுக்குச் சட்டம் எழுதினார்கள். கடலில் நனையாதவர்கள் கடலுக்கு வேலி கட்டினார்கள். எல்லோர் பணத்திலும் நான் நின்றால், எவர் ஒருவருக்கும் நான் தனியாகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. என் வரிப்பணம் என்று உரிமையோடு என்னைத் திட்டுகிறீர்களே, லாத்ராப் பணத்தில் நான் நின்றால் அந்த உரிமை உங்களுக்கு ஏது? திட்டுங்கள் அண்ணே, தாராளமாகத் திட்டுங்கள்!

இதோ, இந்த மேசைமேல் உங்கள் பணம் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் ஏனென்று கேட்கமாட்டேன். மறுபடி கொடுக்க மனமிருந்தால், புதிதாகக் கையெழுத்திட்டு நிதிக்குக் கொடுங்கள். ஆனால் தெளிவாகச் சொல்கிறேன்: இம்முறை உங்களுக்கு ஒன்றும் கிடையாது. தின்னவும் தரமாட்டேன், தனிச்சலுகையும் தரமாட்டேன். சுத்தமாக ஒன்றும் கிடையாது! அப்படியும் கொடுக்க ஆளில்லை என்றால் நாளை மாலையோடு நான் விலகிக்கொள்கிறேன்.

அட, ஓரின் அண்ணன் எழுந்துவிட்டாரே! வழி விடுங்கள். அண்ணே, நீங்கள் போனமுறை கொடுக்கவே இல்லையே, உங்களுக்குத் திருப்பித் தர என்னிடம் என்ன இருக்கிறது? என்ன சொல்கிறார், எல்லோரும் கேளுங்கள்: "இந்தா அஞ்சு டாலர். கையெழுத்துப் போடறேன், பேனாவைக் கொடு. ஆனா என் ஓட்டு உனக்குக் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்!"

கேட்டீர்களா? என்னை எதிர்க்கவே வந்தவர், என்னிடம் எதையும் எதிர்பாராமல், நான் நிற்கட்டும் என்று கொடுக்கிறாரே! இதைவிடச் சுத்தமான காசு இந்தக் கரையில் உண்டா? ஐயோ, கண் கலங்குகிறது. மெதுவாக, மெதுவாக, எல்லோரும் ஒரே நேரத்தில் வராதீர்கள், மேசை சாய்கிறது!

நன்றி சொல்லத்தான் நாக்குத் துடிக்கிறது. ஆனால் அதையும் பதிலுக்குக் கொடுத்த பொருள் என்று கோலெட் அம்மையார் எழுதிவிட்டால் என் கதி என்ன? ஆகவே கடைசிக் கையெழுத்து விழும்வரை அதை நெஞ்சுக்குள்ளேயே அடக்கிவைத்துக்கொண்டு, இரு கை கூப்பி, வெறும் வணக்கத்தோடு அமர்கிறேன்!