டகோட்டாவின் கதவு

டகோட்டாவுக்குள் முதல் தடவை ஏறுகிறவர்கள் எல்லோரும் தலையில் இடித்துக்கொள்வார்கள். குனிந்து வரவும் என்று தமிழிலும் தெலுங்கிலும் பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே இடித்துக்கொள்வார்கள். திருமலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரிப்பார்கள். நீங்கள் விசாரணைக்கு வந்த அன்று உங்கள் குமாஸ்தாவும் இடித்துக்கொண்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை தாசில்தார் அய்யா. அந்த விமானம் வாலைத் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்கி நிற்கிற ஜாதி. உள்ளே தரை மேடேறிப் போகும். கால் தரையைப் பார்க்கும், தலை கதவு நிலையை மறந்துவிடும்.

நான் தமிழில் சொல்கிறேன். குமாஸ்தா தெலுங்கில் எழுதிக்கொள்ளட்டும். முடிவில் எனக்கு ஒருமுறை படித்துக் காட்டினால் போதும். எனக்கு இரண்டும் தெரியும்.

என் பெயர் நாகபூஷணம். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, பனந்தாங்கல் கூட்டுரோட்டில் இருக்கிற ஏரோப்ளேன் கொட்டாயில் மேஸ்திரி. கொட்டாய் நூல் வியாபாரி வேதாச்சல முதலியாருடையது. சண்டை முடிந்ததும் ராணுவம் வேண்டாமென்று தள்ளிய சாமான்களை ஏலம் விட்டார்கள். முதலியார் மூன்று விமானங்களை எடுத்தார். இரண்டு சிறியவை, ஒன்று டகோட்டா. ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. சண்டைக்காலத்தில் நான் விமான ரிப்பேர் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் என்று யாரோ சொல்லி, என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பாக்கற மாதிரி பண்ணு" என்றார். லாரியில் துண்டு துண்டாக வந்ததைப் பார்க்கிற மாதிரி பண்ண எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு திருப்பதி பஸ்கள் எங்கள் வாசலில் நிற்கும், இறங்குகிறவர்கள் காசு கொடுத்து ஏறிப் பார்ப்பார்கள்.

டகோட்டாவின் உள்சுவரில் இருந்த கம்பளியை எலி தின்றிருந்தது. நகரித் தறிகளில் மிஞ்சுகிற கழிவு நூலைக் கொண்டுவந்து மெத்தைபோல் அடைத்துத் தைத்தேன். கண்ணாடி கிடைக்காததால் எல்லா ஜன்னல்களிலும் தகடு வைத்து ரிவிட் அடித்தேன். விமானி உட்காரும் அறையைத் தனியாகப் பூட்டி வைத்தேன். வருகிறவர்கள் அங்கே எதையாவது திருகிவிடுவார்கள். டகோட்டா கூரைக்குள் அடங்காது, வெட்டவெளியில்தான் நிற்கும்.

நீங்கள் போட்டிருக்கும் உத்தரவைப் படித்தேன். கதவு பழுதானது, தானாகப் பூட்டிக்கொண்டது, அதனால் உள்ளே ஓர் ஆள் இறந்தார், ஆகவே இந்த விமானங்கள் பொதுமக்களுக்கு ஆபத்து, உடைத்து அப்புறப்படுத்த வேண்டும். வருகிற திங்கட்கிழமை மதராஸிலிருந்து பழைய இரும்பு வியாபாரி ஆள்களோடு வருகிறான். அதனால்தான் இன்று வந்தேன். உத்தரவில் ஒரு தவறு இருக்கிறது.

இறந்தவர் சண்முகம், பனந்தாங்கல் நெசவாளி. என் தங்கை தாட்சாயணியின் புருஷன். நல்ல கையெழுத்து, நல்ல பேச்சு. ஆந்திரா தனியாகப் பிரிந்த நாளிலிருந்து ஊரில் அவருக்கு ஒரே வேலை, பனந்தாங்கலை மதராஸோடு சேர்ப்பது. தாலுக்கா ஆபீசில் தெலுங்கில் வருகிற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆள்கள் யாரிடமாவது படித்துச் சொல்லச் சொல்லி நிற்பார்கள். அது கஷ்டம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. எனக்கும் தமிழ்தான் தாய்மொழி. அவர் இரண்டு மாதம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைரேகையும் வாங்கினார். நானும் போட்டேன். தங்கை புருஷன் கேட்கும்போது எப்படி மறுப்பது.

ஆனால் பனந்தாங்கல் அந்தப் பக்கம் போனால் எல்லை எங்கள் கொட்டாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் விழும். அங்கே செக்போஸ்ட் வரும். செக்போஸ்டில் அரைமணி நின்ற பஸ் மறுபடி எங்கள் வாசலில் நிற்குமா. முதலியார் அதைத் தெளிவாகவே சொன்னார்.

"பஸ் நிக்கலைன்னா கொட்டாய் எதுக்கு நாகபூஷணம்? ஏரோப்ளேனுக்குத் தீனி போடறதுக்கா நான் நூல் விக்கறேன்?"

அடுத்த வாரமே இரும்பு வியாபாரியை வரவழைத்தார். அவன் டகோட்டாவின் இறக்கையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான், பலாப்பழத்தைத் தட்டுவது போல. "நல்ல அலுமினியம். உருக்கினா நகரி பூரா அன்னக்கூடை குடுக்கலாம்" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இங்கே எங்கள் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விமானத்தின் ஒரு கதவைச் சாத்தி, வெளியே ஆணி செருகி, சிவப்புத் துணி கட்டிவிட்டால், கட்டியவன் கைதான் அதை அவிழ்க்க வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் தொடக்கூடாது. ஒருவன் உள்ளே வேலை செய்யும்போது இன்னொருவன் தெரியாமல் எதையும் இயக்கிவிடக் கூடாது என்று வந்த வழக்கம். உயிரைக் காப்பாற்றுவதற்கான வழக்கம். கொட்டாயிலும் அதை நான் விடவில்லை. காவல்காரர் ரங்கன் ஒருமுறை கூட்டிப் பெருக்குவதற்காக என் துணியை அவிழ்த்துவிட்டார். பத்து நாள் அவரோடு நான் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் சிவப்புத் துணியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார்.

எல்லை மனுக்களை வாங்குகிற அதிகாரி திருப்பதியில் வந்து தங்கியிருந்தார். கடைசி நாள் சாயந்தரம் நாலு மணி வரை வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வாசலில் திருப்பதிக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ், இரண்டரைக்கு ஒரு பஸ். அதற்குப் பிறகு ஏறினால் பிரயோஜனமில்லை. அக்னி நட்சத்திரம். பதினொன்றே முக்காலுக்கு மாப்பிள்ளை சண்முகம் வந்தார். மனுவை மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தார். ஒரே பிரதிதான்.

"இன்னா மச்சான், உன் கோழி முட்டையாவது போடுதா?" என்றார். பறக்காத விமானத்தை அவர் அப்படித்தான் சொல்வார்.

"பஸ்சுக்கு நேரம் கீது மாப்ளே. வெயில்ல நிக்காதே, உள்ள வந்து குந்து."

"பறக்காத வண்டில ஏறி இன்னா பண்ணச் சொல்றே?"

"ஊர்ல அத்தினி பேரும் ஏறிப் பாத்துட்டாங்கோ. நீ ஒருத்தன்தான் பாக்கி."

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான். நாளைக்கு நான் மதராஸ்காரனா பூட்டா நீ உள்ள வுடமாட்டே" என்றார்.

அவரும் தலையில் இடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தோம். மேடேறிப் போய் முன் வரிசை இருக்கையில் உட்கார்ந்து, மெத்தைச் சுவரைத் தடவிப் பார்த்து, "நம்ம நூலா இது? பரவால்லியே மச்சான்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என் வேலையைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று இறங்கினேன். கதவைச் சாத்தி, ஆணி செருகி, துணியைக் கட்டினேன்.

முதலில் அவர் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார். தட்டுவதிலேயே தெரிந்தது. பஜனையில் போடுவது போலத் தாளம் போட்டார். பன்னிரண்டு மணி பஸ் வந்து, ஹாரன் அடித்து, போனது. அப்புறம் தாளம் இல்லை.

அந்தச் சுவரில் பேச்சுக் குரல் வெளியே வராது. தகட்டை நேராகத் தட்டினால்தான் கேட்கும். அதுவும் பக்கத்தில் வந்தால்தான். ஒரு மணி வாக்கில் திருமலையிலிருந்து திரும்புகிற கூட்டம் ஒன்று வந்தது. நான் வழக்கம்போல் சுற்றிக் காட்டினேன். இறக்கையின் நீளம், எத்தனை சிப்பாய்கள் ஏறுவார்கள், மேலிருந்து எப்படிக் குதிப்பார்கள், எல்லாம் சொன்னேன். சத்தியவேட்டிலிருந்து வந்திருந்த வெங்கடம்மா என்கிற அம்மாள் நின்று காது கொடுத்தாள்.

"உள்ள ஆருனா கீறாங்களா நைனா?"

"வெயில்ல தகடு விரியுதும்மா. சாயந்தரம் ஆனா அடங்கிடும்."

சொன்னபோது எனக்கே அது நியாயமான விளக்கமாகத்தான் பட்டது. அவள் தன் புருஷனுக்கு அதைத் தெலுங்கில் எடுத்துச் சொன்னாள். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அன்று யாரையும் டகோட்டாவுக்குள் விடவில்லை. ரிப்பேர் என்று சொன்னேன்.

ரங்கனும் வந்தார். டகோட்டாவை அவர் பெரிசு என்பார். "மேஸ்திரி, பெரிசாண்ட சத்தம் வந்துக்கினே கீது" என்றார். நான் அவருக்கும் அதையே சொன்னேன். அவர் கதவுப் பக்கம் போனார், துணியைப் பார்த்தார், சுற்றிக்கொண்டு போய்விட்டார். விசாரணையில் நீங்கள் அவரைக் கதவைப் பற்றித்தான் கேட்டீர்கள், துணியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அவர் மேல் குற்றமில்லை.

இரண்டரை பஸ் போனதும் திறந்துவிடுவது என்பதுதான் என் திட்டம். இதை நீங்கள் நம்ப வேண்டும். பஸ் போனதும் போனேன். முடிச்சின் மேல் கையும் வைத்தேன். அப்போதுதான் யோசித்தேன். வெளியே வந்ததும் மாப்பிள்ளை என்ன செய்வார். ஊருக்குப் போவார். சொல்வார். அவர் சொன்னால் ஊர் கேட்கும். கைரேகை போட்ட அத்தனை பேரும் கொட்டாய்க்கு வருவார்கள். சுவர் முழுக்கக் கழிவு நூல், ஒரு நெருப்புக் குச்சி போதும். நான் கையை எடுத்துவிட்டேன்.

மூன்றரைக்குத் தாட்சாயணி வந்தாள். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதைக் கொடுக்க ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"பன்னெண்டு மணி பஸ்சுலயே பூட்டாரும்மா" என்றேன்.

"கண்ணாடி இல்லாம அங்க எப்டிண்ணா படிச்சுக் காட்டுவாரு? அதிகாரி முன்னாடி முழிச்சிக்கினு நிப்பாரு" என்று சிரித்தாள். இறக்கை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அவள் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். தட்டுவது வேகமானது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெயில் என்றேன். எழுந்து வந்து டகோட்டாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துவிட்டு, வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"தோசைக்கல்லாட்டம் கீதுண்ணா. கிட்ட நிக்காதே" என்றாள். கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் அவளுக்குப் போதும்.

நாலேகாலுக்குச் சத்தம் நின்றது. கூட்டமெல்லாம் போன பிறகு, ஆறு மணிக்குத் திறந்தேன். சரிவில் இறங்கி வந்து கதவடியில் கிடந்தார். மனு சட்டைக்குள்ளேயே இருந்தது, வியர்வையில் ஊறி. கையெழுத்துகளும் கைரேகைகளும் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. என்னுடையது எது என்று தெரியவில்லை. துணியை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு, ரங்கனைக் கூப்பிட்டேன். தூங்குவதற்காக ஏறியிருப்பார், கதவு சிக்கிக்கொண்டது போலிருக்கிறது என்றேன். ஊரும் நம்பியது, நீங்களும் நம்பினீர்கள். எல்லாவற்றையும் யோசித்தவன் இதன் விளைவை யோசிக்கவில்லை. அந்தப் பொய்யை மட்டும் நான் சொல்லியிருக்கக் கூடாது.

உள்கைப்பிடி இல்லாததைப் பார்த்துவிட்டு, பழுதான கதவு என்று எழுதினீர்கள். கைப்பிடி இதோ இருக்கிறது, மேசை மேல் வைக்கிறேன். அன்று காலை எட்டு மணிக்கு நானே கழற்றினேன், மாப்பிள்ளை வருவதற்கு முன்பே. ஏன் கழற்றினேன் என்றால், இது இருந்தால் வெளியே ஆணி போட்டிருந்தாலும் உள்ளிருந்து திருப்பினால் ஆணி தெறித்து விழுந்துவிடும். யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அப்படிச் செய்து வைத்தவன் நான்தான். விமானத்தைச் செய்த கம்பெனியின் வேலையில்கூட அந்த வசதி கிடையாது.

தாட்சாயணிக்கு நீங்களே ஆள் விட்டுச் சொல்லிவிடுங்கள். அவள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிற சோற்றைத்தான் தின்கிறாள்.

கதவை நான் சாத்தினேன். அவர் தட்டிய நாலரை மணி நேரமும் திறக்காமல் இருந்தேன். தெரிந்துதான் இருந்தேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் ஓர் ஆளை அனுப்பி, இந்தக் கைப்பிடியைப் பொருத்தி, உள்ளே நின்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள் அய்யா. ஒரு விரலுக்குத் திறக்கும். அந்தக் கதவு ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை.