ஊருக்கு ரெண்டு பால் சென்டர்

அக்கா: ...நான் ஒண்ணும் உன் வீட்டுக்கு உறவாட வரல. உன் பால் வேன் என் சென்டர் வாசலை மறிச்சுக்கிட்டு நிக்குது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தம்பி: எந்த வேன்?

அக்கா: பச்சை வேன். இந்த ஊர்ல வேற யார்கிட்ட இருக்கு?

தம்பி: என் வேன் அதோ கொட்டகையில நிக்குது. எட்டிப் பாரு.

அக்கா: இப்ப நிக்குது. நான் நேத்து நடந்ததைச் சொல்றேன்.

தம்பி: நேத்தும் அங்கதான் நின்னுச்சு.

அக்கா: ஏன், பால் எடுக்கப் போகலையா?

தம்பி: அது... டிரைவருக்கு லீவு.

தம்பி மனைவி: யாருங்க வாசல்ல... அய்யோ, அண்ணி! உள்ள வாங்க. ஏங்க, அஞ்சு வருஷம் கழிச்சு வந்த அக்காவை வாசல்ல நிக்க வச்சுக்கிட்டா பேசுவாங்க?

அக்கா: இருக்கட்டும்மா. நின்னுக்கிட்டே ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்.

தம்பி மனைவி: சண்டை உங்க ரெண்டு பேருக்குள்ளதானே? எனக்கும் உங்களுக்கும் என்ன வந்துச்சு? இந்தாங்க, இந்த நாற்காலியில உக்காருங்க.

தம்பி: அது நான் உக்கார்ற நாற்காலி.

தம்பி மனைவி: நீங்க ஒரு கேனைக் கவுத்துப் போட்டு உக்காருங்க. எல்லாம் சும்மாதானே கெடக்கு.

தம்பி: சும்மாவா? கழுவிக் காய வச்சிருக்குடி!

அக்கா: அத்தனை கேனையுமா? ரொம்ப சுத்தக்காரன்தான் நீ.

தம்பி: பின்ன? பால் வியாபாரத்துல சுத்தம்தான் முதல். அதனாலதான் என் டேங்க் தினம் தளும்புது. இடம் பத்தல. இன்னொரு டேங்க் வாங்கலாமான்னு பார்க்கறேன்.

அக்கா: அடேயப்பா.

தம்பி: உன் கதை என்ன? அந்தப் பழைய கூலிங் மெஷினை வச்சுக்கிட்டா இன்னும் ஓட்டுற?

அக்கா: என் மெஷினுக்கு என்னடா குறைச்சல்? ஜம்முன்னு இருக்கு. சத்தம்கூட வர்றதில்ல.

தம்பி மனைவி: சத்தமே வர்றதில்லையா அண்ணி?

அக்கா: இன்னைக்குக் காலையிலேருந்து... சுத்தமா இல்ல.

தம்பி மனைவி: டீ போடட்டுமா?

அக்கா: போடும்மா. பாலை அளவா ஊத்து. தளும்புதுன்னு சொல்லிட்டு இவன் டேங்க்லேருந்து மொண்டுடாத.

தம்பி: என்ன, குத்திக் காட்டறியா?

அக்கா: நான் என்னத்தடா குத்தினேன்? நீ தளும்புதுன்ன. நானும் தளும்புதுன்னேன்.

தம்பி: சரி, வேன் விஷயம் முடிஞ்சுதா? எனக்கு வேலை இருக்கு. நாலு மணிக்கு ஆள் வருது.

அக்கா: யாரு?

தம்பி: கம்பெனிக்காரன்.

அக்கா: எந்தக் கம்பெனி?

தம்பி: தெரியாத மாதிரி கேக்காத. வீடு வீடாப் போய்ப் பால் எடுக்கறானே, அதே கம்பெனி. என் கட்டடம், டேங்க், வேன் எல்லாத்தையும் குத்தகைக்குக் கேக்கறான். என்னை ஏஜென்டாப் போடறேன்னான். கையெழுத்துப் போட்டாப் போதும்.

அக்கா: நாலு மணிக்கா வர்றான்?

தம்பி: ஆமா.

அக்கா: இனிமேலா வரப் போறான்?

தம்பி: நாலு மணின்னா இனிமேதானே? உனக்கு என்ன, காது மந்தமா?

அக்கா: சும்மா கேட்டேன்டா. அப்ப முதலாளியா இருந்தவன் ஏஜென்டாகப் போற. சட்டையில அவன் பேரு இருக்கும். தொப்பியும் குடுப்பானா?

தம்பி: சிரி, சிரி. மாசம் பொறந்தா நிம்மதி. மாடு கறக்கலன்னாலும் எனக்குக் கவலை இல்ல, கரண்ட் போனாலும் கவலை இல்ல.

அக்கா: கவலை எல்லாம் மாடு வச்சிருக்கறவங்களுக்கு. அப்படித்தானே? பக்கத்து ஊர்ல என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும். முதல்ல லிட்டருக்குக் கூடப் போட்டான். ஊர்ல இருந்த சின்னச் சின்ன சென்டர் எல்லாம் ஒண்ணொண்ணா மூடுச்சு. அப்புறம் ஆரம்பிச்சான் பாரு... இன்னைக்கு ஃபேட்டு கம்மி, நாளைக்குத் தண்ணி ஜாஸ்தின்னு. வேற எங்க ஊத்துவாங்க? குடுத்ததை வாங்கிக்கிட்டாங்க.

தம்பி: எனக்கா தெரியாது? நான்தான் இங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். 'இன்னைக்குக் கூடக் குடுக்கறவன் நாளைக்குக் கழுத்தைப் பிடிப்பான்'னு தொண்டை கிழியக் கத்தினேன். யாரு கேட்டாங்க? லிட்டருக்குக் கொஞ்சம் கூடன்னதும் கேனைத் தூக்கிக்கிட்டு அவன் வண்டி பின்னாடி ஓடினாங்க.

அக்கா: யாரு ஓடினாங்க?

தம்பி: யாரும் ஓடல... ஒண்ணு ரெண்டு பேர்.

தம்பி மனைவி: டீ அண்ணி. ஒண்ணு ரெண்டு பேர்ங்கறது உங்க தம்பி கணக்கு. நேத்து இங்க பால் கொண்டு வந்தது எங்க மாடு மட்டும்தான்.

தம்பி: ஏய்! உன்னை யாரு கேட்டா?

தம்பி மனைவி: முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்கு மறைப்பீங்க? கொட்டகையில வேன் தூங்குது, வாசல்ல கேன் காயுது. அண்ணி என்ன, கண்ணை மூடிக்கிட்டா வந்தாங்க?

அக்கா: அவனைத் திட்டாதம்மா. அவன் மூஞ்சியைப் பாரு, சின்ன வயசுல கண்ணாடி உடைச்சிட்டு நிப்பானே, அதே மூஞ்சி.

தம்பி: போதும்க்கா. ஆமா, டேங்க் காலி. சந்தோஷமா? 'உனக்கு அளக்கத்தான் தெரியும், நடத்தத் தெரியாது'ன்னு நாம பிரிஞ்ச அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னியே, அது பலிச்சிடுச்சு. போய் ஊரெல்லாம் சொல்லு.

அக்கா: சொன்னேன். இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

தம்பி: பாத்தியா!

அக்கா: முழுசாக் கேளுடா. எனக்கு நடத்தத்தான் தெரியும், அளக்கத் தெரியாது. நான் அளந்தா 'எங்க, இன்னொரு தடவை ஊத்துங்க பார்ப்போம்'ங்கறாங்க. நீ அளந்தா ஒருத்தர் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. 'உன் தம்பி கை மாதிரி வராது'ன்னு இன்னைக்குக் காலையிலகூட என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு அந்த ஒத்தை எருமைக்காரர்.

தம்பி: ஒத்தை எருமைக்காரரா? அவர் என் ஆளாச்சே. அவருக்கு உன் சென்டர்ல என்ன வேலை?

அக்கா: அவர் மட்டும் இல்ல. டெய்லர், கோழிப்பண்ணைக்காரம்மா, பம்புசெட் அண்ணன் தம்பிங்க ரெண்டு பேரு... உன் ஆளுங்க அத்தனை பேரும் ஒரு வாரமா என் வாசல்லதான்.

தம்பி: இழுத்துட்டியா?

அக்கா: நான் ஏன்டா இழுக்கறேன்? கம்பெனிக்காரன் இங்கயும் வேலையைக் காட்டிட்டான். டெய்லர் வீட்டுப் பால்ல தண்ணி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டான். டெய்லர் சட்டைத் துணியில ஒரு விரக்கடை திருடுவாரு, பால்ல தண்ணி ஊத்துவாரா?

தம்பி: மாட்டாரு. அதெல்லாம் மாட்டாரு.

அக்கா: எருமைப் பாலுக்கு ஃபேட்டு கம்மின்னுட்டான். அந்த மனுஷன் அவன் வண்டி முன்னாடியே பாலைக் கீழ ஊத்திட்டு வந்துட்டாரு. அன்னைக்கே எல்லாரும் கேனைத் தூக்கிட்டாங்க.

தம்பி: தூக்கினவங்க இங்க வர வேண்டியதுதானே? என் வாசல்தானே பக்கம்? உன் சென்டருக்கு ஊர் தாண்டி நடக்கணுமே.

அக்கா: வெக்கம்டா. 'அந்தத் தம்பி தலைபாடா அடிச்சுக்கிச்சு, நாங்க கேக்கல. இப்ப எந்த முகத்தோட போய் நிப்போம்'ங்கறாங்க. கோழிப்பண்ணைக்காரம்மா அழுதுடுச்சு.

தம்பி: ...அது ஏன் அழுவுது? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

தம்பி மனைவி: தினம் வாசல்ல உர்ருன்னு உக்காந்திருந்தா? எனக்கே பயமா இருக்கு.

தம்பி: சரிக்கா. உனக்குப் பால் கூடிப்போச்சு. நல்லா இரு. அதைச் சொல்லத்தான் வந்தியா?

அக்கா: கூடிப்போனதுதான்டா வினை. என் மெஷின் எவ்வளவு தாங்கும்னு உனக்குத் தெரியாதா? ரெண்டு சென்டர் பாலை ஒத்தை ஆளா இழுத்துச்சு. காலையில ஒரு தடவை உறுமுச்சு... அவ்வளவுதான். கம்ப்ரஸர் போயிடுச்சு.

தம்பி: என்னது?

அக்கா: மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம்.

தம்பி: பால்?

அக்கா: டேங்க் நிறைய இருக்கு. டேங்க்ல கொள்ளாம மிச்சம் இருக்கிற கேனுக்கெல்லாம் ஈரச் சாக்கு போத்திட்டு வந்திருக்கேன்.

தம்பி: இந்த வெயில்லயா? ஈரச் சாக்கா? மதியம் ஆச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல திரிஞ்சு நிக்கும்! வந்ததும் வராததுமா இதைச் சொல்லாம வேன் நின்னுச்சு, மூஞ்சியைப் பாருன்னு... உனக்கு அறிவு இருக்கா? ஊர்ப் பால்க்கா அது!

அக்கா: நீ தளும்புதுன்னியே. எங்க ஊத்தறதுன்னு கேப்பேன்?

தம்பி: தளும்புது, மண்ணு! ஏய், டேங்க்கைப் போடு. குளிர ஏறவே நேரமாகும்...

தம்பி மனைவி: ஏறியாச்சு.

தம்பி: என்ன ஏறியாச்சு?

தம்பி மனைவி: டெய்லர் வீட்டம்மா வந்து அண்ணி மெஷின் நின்னுபோச்சுன்னு சொன்னப்பவே கழுவிப் போட்டுவிட்டேன். இப்ப ஜில்லுன்னு இருக்கும். தொட்டுப் பாருங்க.

தம்பி: காலையிலேருந்து காலி டேங்க்குக்குக் கரண்ட் போகுதா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

தம்பி மனைவி: சொல்லியிருந்தா 'அவங்களா வந்து கேக்கட்டும்'னு நிறுத்தியிருப்பீங்க. அண்ணியும் வராம இருந்திருந்தா நானே வேனை எடுத்திருப்பேன்.

அக்கா: உனக்கு வேன் ஓட்டத் தெரியுமா?

தம்பி மனைவி: தெரியாது அண்ணி. ஆனா எடுத்திருப்பேன்.

தம்பி: இவ எடுத்திருப்பாக்கா. சுவத்தை இடிச்சாவது எடுத்திருப்பா. சாவி எங்கடி?

தம்பி மனைவி: உங்க சட்டைப் பையில.

தம்பி: கேன் எல்லாத்தையும் வேன்ல ஏத்து. ரெண்டு நடை அடிச்சா வந்துடும். ராத்திரி டவுன் லாரி இங்க வந்து எடுத்துக்கட்டும், அந்த டிரைவருக்கு நான் சொல்லிக்கறேன். அக்கா, நீ முன்னாடி ஏறு.

அக்கா: இருடா. இன்னைக்கு ஊத்திட்டு நாளைக்கு மறுபடியும் ஆளுக்கொரு பக்கம் முறைச்சுக்கிட்டு நிக்க நான் வரல. பேசிட்டுப் போவோம்.

தம்பி: பால் திரியட்டும், நாம பேசுவோம்!

அக்கா: சீக்கிரம் பேசறேன். பால் எடுக்கறது ரெண்டு இடத்துலயும் எடுப்போம், யாரும் ஊர் தாண்டி நடக்க வேண்டாம். காலைப் பால் எல்லாம் உன் டேங்க்குக்கு. என் மெஷின் சரியானா அது சாயங்காலப் பாலுக்கு மட்டும். அதுக்கும் வயசாச்சு, பாதி வேலை போதும். டவுன் வியாபாரிகிட்டப் பேசறது நான்.

தம்பி: அளக்கறது?

அக்கா: நீதான். ரெண்டு இடத்துலயும்.

தம்பி: நான் வச்சதுதான் அளவு. நடுவுல வந்து 'கொஞ்சம் பார்த்துப் போடுடா'ன்னு சொல்லக் கூடாது.

அக்கா: சொல்ல மாட்டேன். நீயும் நான் பேசின விலைக்கு மேல வாய் திறக்கக் கூடாது. முன்னாடி ஒண்ணா நடத்தினப்ப ஒரு வியாபாரிக்கு மனசு இளகி ஒரு மாசப் பாலைச் சும்மா மாதிரி தூக்கிக் குடுத்த.

தம்பி: அவன் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லன்னான்!

அக்கா: அவனுக்குக் கல்யாணமே ஆகலடா.

தம்பி மனைவி: இதை எனக்குச் சொல்லவே இல்லையே?

தம்பி: கேன் ஏத்தச் சொன்னா கதை கேட்டுட்டு நிக்கிறா. போ, போ.

தம்பி மனைவி: போர்டுல யார் பேரு? அதையும் இப்பவே பேசிடுங்க. அப்புறம் அதுக்கு ஒரு அஞ்சு வருஷம் ஆகும்.

அக்கா: பேரு வேண்டாம். பெரிய எழுத்துல 'பால்'னு எழுதினாப் போதும். படம் மட்டும் போட்டுடாத, இவன் மூஞ்சியைப் பார்த்தா குளிர வச்ச பாலும் திரிஞ்சிடும்.

தம்பி: நீ வேன்ல ஏறு முதல்ல.

அக்கா: போற வழியில டெய்லர் கடையில நிறுத்து. அப்படியே எருமைக்காரர் வீட்டுலயும். நீயே இறங்கிக் கூப்பிடு. நான் சொன்னா வர மாட்டாங்க.

தம்பி: கூப்பிடறேன். என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?

அக்கா: ஒண்ணும் சொல்லாத. 'நாளைக்குக் காலையில பால் வரலையா'ன்னு எப்பவும் கேக்கற மாதிரி கேளு. அவங்களுக்கு அது போதும்.

தம்பி மனைவி: ஏங்க, கம்பெனிக்காரர் நாலு மணிக்கு வந்தா நான் என்ன சொல்லட்டும்?

தம்பி: அவன்... வர மாட்டான்.

தம்பி மனைவி: வர்றான்னு இப்பதானே சொன்னீங்க?

தம்பி: நீ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனப்பவே வந்துட்டுப் போயிட்டான். அக்கா, உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். பேனாவைத் திறந்துட்டேன்க்கா, நிஜமாத்தான். ஆனா கை வரல. 'எங்க வீட்டுல பெரியவங்க இருக்காங்க, அவங்க சொல்லாம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல'ன்னு அனுப்பிட்டேன்.

அக்கா: தெரியும்டா. இங்கேருந்து நேரா என்கிட்டதான் வந்தான். 'பெரியவங்க நீங்கதானாமே, என்ன சொல்றீங்க'ன்னான். என் தம்பி தலையை வித்துத்தான் பொழைக்கணும்ங்கற நிலைமை எங்களுக்கு வரலன்னு சொல்லி அனுப்பிட்டேன். பாலுக்காக மட்டும்னா ஐஸ் வாங்கிப் போட்டு ராத்திரி வரைக்கும் சமாளிச்சிருப்பேன்... ஐஸ் ஃபேக்டரிக்குத்தான் கிளம்பினேன். நீ என்னைப் 'பெரியவங்க'ன்னு சொன்ன அந்த வார்த்தையை அவன் சொன்னப்புறம் கால் இந்தப் பக்கம்தான் திரும்புச்சு.