நாலு குடித்தனம், ஒரு மீட்டர்

லாடா வண்டியைக் குறை சொல்கிறவர்கள் அதை ஒரு மாதமாவது ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். என்னிடம் இருபத்தாறு வருடமாக டாக்ஸியாக ஓடுகிறது. மேலே வெள்ளை, கீழே நீலம். போன வருடம்கூடப் பெயின்ட் அடித்தேன். அதற்குள்ள ஒரே கெட்ட பழக்கம், பெட்ரோல் ஊற்றாமல் நகராது. அதில் வண்டியின் தப்பு ஒன்றும் இல்லை, ஐயா.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரீஷியன் ஹப்தாமுவை விட்டுவிடுங்கள். என் குடித்தனக்காரன் யாரெட் ஷாக்கடித்துச் செத்ததற்கு அவன் இழுத்த வயர்தான் காரணம் என்று பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் வேலை சுத்தமான வேலை. கொட்டகைத் தகரத்தில் வயர் உரசக் கூடாது என்று ரப்பர் உறை மாட்டினான். கூடவே ஒரு ட்ரிப்பரும் வைத்தான். "கரண்ட் எங்கயாவது கசிஞ்சா இது பட்டுன்னு விழுந்து கரண்டை நிறுத்திரும் காஷே. நீங்க பாட்டுக்கு நிம்மதியா இருக்கலாம்" என்றான். பெரியவர்களைக் காஷே என்று கூப்பிடத் தெரிந்த பையன். அவன் இங்கே உட்கார்ந்திருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கோல்ஃபேயில் என் வளவை நீங்கள் பார்த்தீர்கள். நடுவில் முற்றம், சுற்றி நாலு குடித்தனம். ஒன்றில் நானும் என் மனைவி அஸ்னகேச்சும். மற்ற மூன்றும் வாடகைக்கு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே மீட்டர். பில் என் பெயரில் வரும், தலைக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்குவேன். இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். மீட்டர் வைத்திருப்பவன் யோக்கியனாக இருந்தால் சண்டை வராது. என் வளவில் சண்டை வந்ததில்லை.

யாரெட் மனைவி ஹிருத்தோடும் கைக்குழந்தையோடும் குடிவந்தபோது அவனிடம் கார் இல்லை. ஆறு மாதம் கழித்து வாங்கினான், சீனாவில் செய்த வெள்ளை மின்சாரக் கார். டாக்ஸியாக ஓட்டினான். மழைக்கு அதை என் தகரக் கொட்டகையில் விடலாமா என்று கேட்டான். என் லாடா வெளியே நின்று பழகியது. சரி என்றேன்.

அந்தக் காரில் சத்தமே இல்லை. அதுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. என் வண்டி கிளம்பினால் தெரு முனையில் இருப்பவனுக்கும் தெரியும். அவன் எப்போது போகிறான், எப்போது வருகிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு அவ்வளவு அமைதி எதற்கு?

ஒரு நாள் நான் பெட்ரோல் வரிசைக்குக் கிளம்பும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

"உங்க லாடா ஒரு நாள் குடிக்கிற காசுக்கு நான் அரை மாசம் ஓட்டுவேன் காஷே. வீட்டுலயே சொருகிட்டுத் தூங்கினா காலைல வயிறு ரொம்பிருது. பேசாம இதை வித்துட்டு நீங்களும் ஒண்ணு வாங்கிருங்க. நானே கூட வந்து பாத்துத் தரேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். மரியாதையாகச் சொல்கிறவர்களை நான் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பேன்.

கணக்கு எனக்கும் தெரியும். லாடாவுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு பிர் பெட்ரோல். அதே தூரத்துக்கு அவனுக்கு நூறு பிர் கரண்ட்கூட ஆகாது. ஆனால் அது யாருடைய நூறு பிர் என்பதுதான் கேள்வி. பெட்ரோல் என்றால் வரிசையில் நின்று, காசை நீட்டி, கண்ணெதிரே ஊற்றி வாங்குகிறோம். கரண்டைக் கண்ணால் பார்த்தவர் யார்?

பெட்ரோல் வரிசை உங்களுக்குத் தெரியும். முந்தின நாள் வண்டியைப் போட்டால் மறுநாள் மத்தியானம் முறை வரும். அங்கே மாமோ என்று ஒரு டிரைவர், என் வயதுக்காரன், வாய் அதிகம்.

"என்ன வெர்க்னே, உன் வீட்டுல ஒருத்தன் சுவத்துல சொருகி வண்டி ஓட்டறானாமே. நீ எதுக்கு இங்க வந்து வெயில் காயறே? அவன்கிட்ட ஒரு வயர் வாங்கி லாடா வாயில சொருகிப் பாரேன்."

"சொருகினா லாடாவுக்கு ஷாக்கடிக்கும்" என்றான் இன்னொருவன். "கிழவனுக்கு முன்னாடி அது போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மாமோவின் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது.

அந்த மாதம் பில் ஏறியிருந்தது. யாரெட்டிடம் கேட்டேன். அவன் முகம் மாறவில்லை. "நியாயம்தான் காஷே, கொட்டகைக்குத் தனியா ஒரு சின்ன மீட்டர் வெச்சுருவோம்" என்று அவனே சொல்லி, அவன் செலவிலேயே ஹப்தாமுவைக் கூட்டிவந்தான். அப்போது போட்டதுதான் அந்த வயரும் ட்ரிப்பரும். அதன்பிறகு மாதம் பிறந்ததும் அவன் மீட்டர் காட்டுவதைவிட ஐம்பது நூறு கூட வைத்தே கொடுத்தான். ஏன் என்றேன். "இருக்கட்டும் காஷே" என்றான்.

நீங்கள் போலீஸ்காரர். கேட்டதற்கு மேல் ஒருவன் கொடுத்தால் என்ன நினைப்பீர்கள்?

அவன் பங்கைக் கழித்த பிறகும் பில் ஏறிக்கொண்டே போனது. கூடக் கூட யூனிட்டுக்கு விலையும் கூடும் என்பதால் மற்றக் குடித்தனக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வீட்டுக்காரி முகத்துக்கு நேரே கேட்டாள், "நீங்க எங்ககிட்ட வாங்கித்தான் லாடாவுக்குப் பெட்ரோல் போடறீங்களா?" இருபத்தாறு வருட டாக்ஸிக்காரனை அப்படி யாரும் கேட்டதில்லை. அந்தச் சின்ன மீட்டரை அவன் ஏதோ செய்திருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிடிக்கத்தான் முடியவில்லை.

அஸ்னகேச்சிடம் சொன்னேன். "தங்கமான பையன், அவனைப் போய்ச் சொல்றீங்களே" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் கவனித்தேன்.

ஒரு நாள் வண்டியை மாமோவின் பொறுப்பில் வரிசையில் விட்டுவிட்டுச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். யாரெட் காரின் பின்கதவை மூடிக்கொண்டிருந்தான். உள்ளே மூடி போட்ட பெரிய கூடைகள். காரே புளித்த மாவு வாசனை அடித்தது. அஸ்னகேச் மேல்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னது?" என்றேன்.

"சவாரிக்காரங்க சாமான் காஷே, ஓட்டல்ல இறக்கணும்" என்றான் யாரெட்.

அவள் தரையைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. என் கரண்டில் ஓடுகிற கார், என் கொட்டகையில் நிற்கிற கார். இப்போது என் மனைவியையும் எனக்கு எதிராகத் திருப்பிவிட்டது. அன்று எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் கோபத்தில் நான் எதையும் செய்ததில்லை. நன்றாக யோசித்துத்தான் செய்வேன்.

வீட்டைக் காலி செய் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். வேறொரு வளவுக்குப் போய் அங்கே இதையே செய்வான். இன்னொரு வீட்டுக்காரன் என்னைப் போல ஏமாறுவான். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

யாரையும் கஷ்டப்படுத்தாமல் செய்ய வேண்டும் என்பதில் குறியாக இருந்தேன். வருடப் பிறப்புக்கு முந்தின வாரம், மழை இன்னும் விடவில்லை. ஹிருத் பண்டிகைக்குப் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். நானே லாடாவில் கொண்டுபோய் விட்டேன். வரிசையில் நின்று வாங்கிய பெட்ரோல், காசு வாங்கவில்லை. அஸ்னகேச்சை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாவது வீட்டுக்காரி பண்டிகைக்கு வாங்கிய ஆட்டைக் கொட்டகைக் கம்பத்தில்தான் எப்போதும் கட்டுவாள். அன்று சாயங்காலம் அதை அவிழ்த்து வாசல் கதவுப் பக்கம் கட்டினேன். கொட்டகைப் பக்கம் யாரும் துணி காயப்போட வேண்டாம், தகரம் ஒழுகுகிறது என்று சொல்லி வைத்தேன். ஆடு ஏன் இடம் மாறியது என்று நீங்கள் அன்றே கேட்டிருந்தால் இவ்வளவு நாள் ஆகியிருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் தெரு இத்திருக்கு, அதாவது சாவு வீட்டுக்கு உதவும் சங்கத்துக்கு, நான்தான் தலைவர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம், பெஞ்சு, பெரிய பாத்திரம் எல்லாம் நான் சொன்னால்தான் வெளியே வரும். யாரெட் மூன்று மாதமாகச் சந்தா கட்டவில்லை. கார்க் கடன் இருந்தது, பாவம். மூன்று மாதப் பாக்கி இருந்தால் கூடாரமும் கிடையாது, குடும்பத்துக்குப் பணமும் கிடையாது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவன் பாக்கியை என் பையிலிருந்து கட்டினேன். "குடித்தனக்காரனுக்கு இப்படிச் செய்யிற வீட்டுக்காரர் எங்க கிடைப்பார்?" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். யாரெட் என் தோளில் முத்தமிட்டான். ஹிருத்துக்கு ஒன்றும் குறையக் கூடாது என்றுதான் செய்தேன்.

ரப்பர் உறையைக் கழற்றியது நான். வயர் தகரத்தோடு சேரும் இடத்தில் தோலைச் சுரண்டியது நான். ட்ரிப்பர் விழாதபடி செய்ததும் நான்தான். வேலை முடிந்த பிறகு ட்ரிப்பரை மட்டும் பழையபடியே வைத்துவிட்டேன், அதனால்தான் உங்கள் ஆட்கள் ஹப்தாமுவின் வயரோடு நின்றுவிட்டார்கள்.

காலையில் மழை பெய்துகொண்டிருந்தது. நான் லாடாவில் உட்கார்ந்து கண்ணாடியை உள்ளிருந்து துடைத்துக்கொண்டிருந்தேன். யாரெட் ரப்பர்ச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேறு படாமல் இருக்கக் கால்சட்டையை மடித்துவிட்டு, வெறுங்காலோடு முற்றத்தைத் தாண்டி வந்தான். என்னைப் பார்த்து, "என்ன காஷே, இன்னிக்குமா வரிசை?" என்றான்.

"இன்னைக்கு இல்லப்பா" என்றேன்.

தகரக் கதவைப் பிடித்தான். சத்தம் ஒன்றும் இல்லை. அவன் காரைப் போலத்தான்.

கூடாரத்தை நானே நின்று விரிக்கச் செய்தேன். மூன்று நாளும் வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை என்ற பேச்சே எழவில்லை. மாமோகூட வந்து அழுதான். ஹிருத்தின் கையில் இத்திர் பணத்தை நானே கொடுத்தேன். அவள் என் முழங்காலைத் தொட்டாள்.

இதோடு முடிந்திருக்கும். நேற்று பில் வந்தது.

யாரெட் இல்லை. அவன் கார் சார்ஜ் இறங்கி ஒரு மாதமாக அசையாமல் நிற்கிறது. அவனுடைய சின்ன மீட்டர் நகரவில்லை. அவன் பங்குதான் குறைந்திருந்தது. மற்றபடி பில் போன மாதம்போலவே இருந்தது. நான் அதை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது, மின்சார ஆபீசுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். அஸ்னகேச் வந்து என் கையைப் பிடித்தாள்.

"மீட்டர் கெடலே" என்றாள். "நான்தான். நீங்க வரிசைக்குப் போற நாளெல்லாம் கரண்ட் அடுப்புல மிதாட் கல்லைப் போட்டு, புளிச்ச மாவுல இன்ஜெரா சுட்டு ஓட்டலுக்கு வித்தேன். யாரெட்தான் கார்ல கொண்டுபோய்க் கொடுத்தான், ஒரு காசு வாங்கலே. அவன் போனப்பறம் ஓட்டல்காரங்களே வந்து எடுத்துக்கறாங்க. பில்லு ஏறுதே அக்கா, அவர்கிட்ட சொல்லிரலாம்னு எத்தனையோ தடவை சொன்னான். நான்தான் வேணாம்னேன். என் மேல விழுந்துரக் கூடாதுன்னு அவன் கைக்காசைக் கூட வெச்சுக் கொடுத்தான்."

"எதுக்கு வித்தே?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான். இந்த வயசுல வெயில்ல நிக்க வேணாமேன்னு. யாரெட் மாதிரியே ஒரு காருக்கு முன்பணம் சேர்த்தேன். வருஷப் பிறப்பன்னிக்கு உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தோம்."

பணத்தை எடுத்துவந்து காட்டினாள். நான் எண்ணவில்லை.

ராத்திரி முழுக்க யோசித்தேன், ஐயா. காலையில் இங்கே வந்துவிட்டேன். ஹப்தாமுவை விட்டுவிடுங்கள். யாரெட்டைக் கொன்றது நான். வேண்டுமென்றே, நன்றாக யோசித்துக் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் எழுதும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். அவர்கள் இரண்டு பேரும் என்னிடம் மறைத்தார்கள். என் வளவில் யாரோ எனக்குத் தெரியாமல் கரண்ட் எடுக்கிறார்கள் என்று நான் முதல் நாளே சொன்னேன். அது பொய் இல்லையே. என் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.